பிறவிக் குறை என்று எழுதிய தாள்

ஏறாவூரிலிருந்து தோணி எடுக்க வந்த மனிதர் அதைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, "நீலக் கோடு கேட்டன். பச்சை அடிச்சு வெச்சிருக்கீங்க" என்றார்.

நான் தோணியைப் பார்த்தேன். கோடு நீலமாகத்தான் இருந்தது. "நீலம்தானே இது" என்றேன். பக்கத்தில் வேலை செய்தவர்கள் சிரித்தார்கள். பகிடி விடுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். வந்தவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பேனையை எடுத்துக் கோட்டின் மேல் வைத்தார்.

"பேனை மூடி நீலம். உங்கட கோடு பச்சை. இப்ப பாருங்க."

பார்த்தேன். இரண்டும் ஒரே நிறமாகத் தெரிந்தன. சாயம் மாறிவிட்டது, திரும்ப அடித்துத் தருகிறேன் என்று சொல்லி அவரை அனுப்பினேன்.

அதை அப்படியே விட என்னால் முடியவில்லை. இந்தக் கம்பனிக்கு வருவதற்கு முன் ஏழு வருடம் காத்தான்குடியில் ஒரு புடவைக் கடையில் நின்றவன் நான். சாறிக்கு ரவிக்கைத் துணி பொருத்திக் கொடுப்பதுதான் வேலை. பெண்கள் சாறியை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோவதற்குள் தட்டிலிருந்து சரியான துணியை உருவி விடுவேன். அந்தக் கண்ணை நம்பித்தான் வாவிக்கரையில் பைபர் தோணி கட்டும் கம்பனியில் எனக்கு நிறம் கலக்கும் வேலை தந்தார்கள்.

வேலை நடந்தது ஒரு நீண்ட கொட்டிலுக்குள். தோணியின் அச்சுக்குள் முதலில் நான் நிறப்பூச்சை விசிறி அடிப்பேன். அது இறுகியதும் மற்றவர்கள் கண்ணாடி நார்ப் பாயை விரித்து, ரெசின் என்ற இரசாயனப் பிசினை ஊற்றி, உருளையால் தேய்த்துப் படிய வைப்பார்கள். கச்சான் காற்றில் மணல் வந்து பூச்சில் ஒட்டும் என்று கொட்டிலின் நான்கு பக்கமும் தடித்த பொலித்தீன் கட்டியிருந்தது. ரெசினின் வாசம் வெளியே போக வழியில்லாமல் உள்ளே அடைந்து கிடக்கும். இனிப்பான வாசம். பின்னேரமாகும்போது தலை பஞ்சு போலாகிவிடும். மூக்குக்கு ஒரு துணி முகமூடி தந்திருந்தார்கள். அதைக் கட்டினாலும் வாசம் அப்படியே வந்தது.

நான் சேர்ந்த அதே கிழமையில் சேர்ந்தவன் ஒருவன் இருந்தான். ரெசின் தேய்ப்பவன். நாங்கள் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம், சாப்பாட்டைப் பிரித்துத்தான் சாப்பிடுவோம். கோட்டின் நிறம் பிழையான அன்று மத்தியானம் அவனிடம் கேட்டேன்.

"உனக்கு விரல் நுனி மரக்குதா?"

"மரக்கும். வீட்ட போனாச் சரியாகிரும்."

"எனக்கு ஞாயிற்றுக்கிழமையிலயும் மரக்குது மச்சான்."

அவன் இருமினான். அந்த இருமல் அவனுக்குப் பல மாதமாக இருந்தது. நான்தான் அதைப் புகைப்பதால் வருவது என்று நினைத்திருந்தேன். அவன் புகைப்பதில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் எனக்கு ஐயம். ரெசின் வரும் பீப்பாய்களில் கம்பனியின் பெயர் அச்சடித்த வெள்ளைத் தாள் ஒன்று ஒட்டியிருக்கும். எத்தனையோ வருடமாகப் பார்த்த தாள்தான். ஒருநாள் அதன் ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பார்த்தேன். அடியில் வேறொரு தாள் இருந்தது. சிவப்புச் சட்டத்துக்குள் ஒரு மனித உருவம், அதன் நெஞ்சில் வெடித்துச் சிதறியது போல ஒரு வெள்ளைக் குறி. கீழே ஆங்கிலத்தில் பொடி எழுத்து. நான் வாசிக்கத் தொடங்கும்போது மேற்பார்வையாளர் வந்தார். "என்ன தேடுறீங்க?" என்று கேட்டார். "ஒண்டுமில்ல" என்றேன். அடுத்த நாள் அந்தப் பீப்பாய் அந்த இடத்தில் இல்லை.

மூன்று கிழமைக்குள் கம்பனி ஒரு மருத்துவ முகாம் வைத்தது. கொழும்பிலிருந்து ஒரு வான் வந்தது. இரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் கேட்டார்கள், நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு கட்டுத் தாளை நீட்டி, ஒவ்வொன்றிலும் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். சிலதில் எழுத்து இருந்தது, சிலதில் வெறும் கட்டங்கள்தான். எனக்குப் பின்னால் இருபது பேர் நின்றார்கள். வைத்தேன். எல்லாவற்றையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த நான், சந்தேகப்பட்டே ஆகவேண்டிய அந்த இடத்தில் பேசாமல் கையெழுத்து வைத்தேன்.

முடிவுகள் வரவேயில்லை. கேட்டால், "எல்லாருக்கும் நோர்மல்" என்றார்கள்.

அடுத்த மாதம் மச்சானை மனேஜரின் கந்தோருக்குத் தனியாகக் கூப்பிட்டார்கள். அரை மணித்தியாலம் உள்ளே இருந்தான். வந்தவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு தன் சாமான்களை எடுத்தான். அவனைக் களஞ்சியத்துக்கு மாற்றிவிட்டார்கள். காற்றோட்டமான அறை, மேசை, கதிரை.

"எப்படிக் கிடைச்சது?" என்றேன்.

"கேட்டன், தந்தாங்க."

சாமான்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து நான் தனியாகச் சாப்பிட்டேன்.

என் மனைவிதான் என்னைப் பெரியாஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். அங்கிருந்த பெண் டொக்டர் கண்ணைப் பார்ப்பதற்கு முன், "என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டார். முகாமில் இரத்தம் எடுத்த எவரும் கேட்காத கேள்வி அது. பிறகு சின்னச் சின்ன நிற வில்லைகளை மேசையில் கொட்டி, நிறம் மாறும் ஒழுங்கில் அடுக்கச் சொன்னார். எனக்குப் பழக்கமான வேலை என்று நினைத்து அடுக்கினேன். அவர் வில்லைகளைத் திருப்பி அடியிலிருந்த எண்களைக் காட்டினார். எண்கள் தாறுமாறாகக் கிடந்தன.

"பிறவியில வாற குறை பெரும்பாலும் சிவப்பையும் பச்சையையும்தான் குழப்பும். உங்களுக்கு நீலமும் மஞ்சளும் போயிருக்கு. இது இடையில வந்தது. அந்த வாசம் வாற இடத்தில இருந்து முதல்ல வெளிய வாங்க" என்றார். கம்பனிக்கு ஒரு கடிதமும் எழுதித் தந்தார்.

கடிதத்தைக் கொண்டுபோய் மனேஜரிடம் கொடுத்தேன். அவர் மரியாதையானவர். எனக்குக் கதிரை போட்டு, தேத்தண்ணி எடுப்பித்தார். நிதானமாக வாசித்தார்.

"தம்பி, நீங்க சேரும்போதே உங்கட கண்ணில குறை இருந்திருக்கு. பைலில இருக்கு. கூட வேலை செய்றவங்களே சொல்றாங்க, உங்களுக்கு முந்தியே நிறம் சரியாத் தெரியாதெண்டு."

"ஆர் சொன்ன?"

"அதை விடுங்க. தேத்தண்ணியக் குடிங்க."

நான் குடிக்கவில்லை. யார் சொல்லியிருப்பான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. களஞ்சியத்துக் கதிரையின் விலை இதுதான் என்று நினைத்தேன்.

அரசாங்கத் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தேன். அந்தக் கிழமையே கம்பனி எனக்குக் கட்டாய லீவு தந்தது. விசாரணைக்குத் திகதி வந்தது. அதற்கு நான்கு நாள் முன்பு, பின்னேரம், மச்சான் எங்கள் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினான். முன்னைவிட மெலிந்திருந்தான். சைக்கிள் மிதித்த களைப்பில் மூச்சு வாங்கி இருமினான். பிறகு சேட்டுக்குள்ளிருந்து மடித்த தாள்கள் சிலவற்றை எடுத்தான்.

"ரெசின் வாற ஒவ்வொரு லோட்டோடயும் இது வரும். களஞ்சியத்தில கட்டுக் கட்டாக் கிடக்கு. போட்டோக் கொப்பி எடுத்தன்."

நான் கையை நீட்டவில்லை. "ஆர் குடுத்தனுப்பின?" என்று கேட்டேன்.

"என்ன கேக்கிறாய்?"

"விசாரணையில நான் களவெடுத்த தாளக் காட்டினன் எண்டு சொல்றதுக்கா?"

அவன் குனிந்தான். தாள்களைப் படியில் வைத்துவிட்டு, மேலே ஒரு கல்லையும் வைத்துவிட்டுப் போய்விட்டான். என் மனைவி வந்து அவற்றை எடுத்தாள்.

"இஞ்சாருங்க, அந்தாள் இருமுறதப் பாத்தீங்களா? இது நடிப்பா?" என்றாள்.

உயர்தரம் படித்தவள். ரெசினைப் பற்றிய எச்சரிக்கைகள் ஆங்கிலத்தில் இருந்தன; போனில் ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தமிழாக்கினாள். மூடிய இடத்தில் பாவிக்கக் கூடாது. காற்றை வெளியே இழுக்கும் விசிறி வேண்டும். தனி வகை முகமூடி வேண்டும், துணி போதாது. நரம்பைத் தாக்கும், மூச்சைத் தாக்கும், கண்ணைத் தாக்கும். கம்பனியின் முத்திரை ஒவ்வொரு தாளிலும் இருந்தது, பெற்றுக்கொண்ட திகதியோடு. நாங்கள் வேலைக்குச் சேர்வதற்கு முந்திய திகதியும் இருந்தது. அதாவது தெரியாமல் நடந்ததல்ல.

விசாரணைக்கு எனக்காக வந்த சாட்சி காத்தான்குடிப் புடவைக் கடை முதலாளி. போனில் கூப்பிட்டபோது, "வராம என்ன மனே, கடைய மகன் பாப்பான்" என்றார். தொழில் உத்தியோகத்தர் முன்னால் அவர் சுருக்கமாகத்தான் பேசினார்.

"ஏழு வருசம் என்ட கடையில நிண்ட பொடியன் சேர். நிறம் சரியில்லயெண்டு ஒரு புடவையும் திரும்பி வரல்ல. கண் தெரியாதவன நான் ரவிக்கைத் துணிக்கு வெப்பனா?"

கம்பனிப் பக்கம் மனேஜரும் ஒரு சட்டத்தரணியும் வந்திருந்தார்கள். சட்டத்தரணி சிரித்துக்கொண்டே ஒரு பைலை நீட்டினார். நான் வேலைக்குச் சேர்ந்த நாளின் மருத்துவப் படிவம். 'நிறப்பார்வை: பிறவிக் குறை' என்று எழுதியிருந்தது. கீழே என் கையெழுத்து. போலியல்ல, என்னுடையதேதான். உண்மையிலேயே அப்படி ஒரு சோதனை நடந்து, நான்தான் மறந்துவிட்டேனோ என்று ஒரு நிமிடம் என்னையே நான் சந்தேகித்தேன். அந்த ரெசின் வாசத்தில் எவ்வளவோ மறந்திருந்தேன்.

உத்தியோகத்தர் படிவத்தை எங்களுக்கும் பார்க்கத் தந்தார். என் மனைவி அதை மேலிருந்து கீழே வாசித்தாள்.

"சேர், இதில இருக்கிற விலாசம் கல்லடி, எங்கட அம்மாட வீட்டு விலாசம்" என்றாள்.

"அதுக்கென்ன?"

"இவர் கலியாணம் முடிச்சுத்தானே எங்கட வீட்டுக்கு வந்தவர். வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருசத்துக்குப் பிறகு. சேரக்குள்ள வாவிக்கு அங்கால படுவான்கரையில இருந்து பாலத்தால சைக்கிளில வேலைக்குப் போனவர். அப்ப என்னையே இவருக்குத் தெரியாது."

முகாமில் கையெழுத்து வைத்த வெறும் கட்டத் தாள்கள் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தன. சட்டத்தரணி பைலைத் தன் பக்கம் இழுத்தார். உத்தியோகத்தர் அதன் மேல் கையை வைத்து, "இது இஞ்ச இருக்கட்டும்" என்றார். எங்கள் விவாகப் பதிவின் பிரதியைக் கொண்டுவரச் சொன்னார். மச்சான் தந்த தாள்களையும் வாங்கிப் பைலில் சேர்த்தார். எப்படிக் கிடைத்தன என்று கேட்டபோது, வாசலில் கிடந்தன என்றேன். அதில் பொய் இல்லை.

முறைப்பாடு தீர்ந்து முடிய ஒன்றரை வருடம் சென்றது. படிவம் ஓர் 'எழுதுவினைஞர் தவறு' என்று கம்பனி எழுத்தில் ஒப்புக்கொண்டது. எந்த எழுதுவினைஞர் என்று எழுதவில்லை. கொட்டிலில் வேலை செய்த எல்லாரையும், கம்பனி டொக்டரிடமல்ல, அரசாங்க ஆஸ்பத்திரியில் சோதிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. பொலித்தீனைக் கழற்றி விசிறி பூட்டினார்கள். எனக்கு நட்டஈடு கிடைத்தது. 'நல்லெண்ண அடிப்படையில்' என்று கடிதத்தில் இருந்தது. ரெசின் என்ற சொல் அதில் எங்குமே இல்லை. விசிறிகள் சோதனைக்கு ஆட்கள் வரும் நாளில் மட்டும் ஓடுகின்றனவா என்று இன்றும் எனக்குத் தெரியாது. அந்த வழியாகப் பஸ்ஸில் போனால் அவற்றைத்தான் பார்ப்பேன். சிலநாள் சுற்றும், சிலநாள் சுற்றாது.

நான் திரும்ப அங்கே போகவில்லை. இப்போது ஓட்டமாவடியில் ஒரு நெல் களஞ்சியத்தில் மூட்டை எண்ணி ஏற்றும் வேலை. நீலம் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. வெளிர் மஞ்சள் இன்னும் வெள்ளையாகத்தான் தெரிகிறது.

அரசாங்க ஆஸ்பத்திரிச் சோதனையில் எல்லாரிலும் மோசமாக இருந்தது மச்சானின் நெஞ்சுதான். அவனுடைய வைத்தியச் செலவைக் கம்பனி ஏற்றுக்கொண்டது. போன மாதம் நெஞ்சுக் கிளினிக்குக்கு அவனைக் கூட்டிப்போனது நான். வெளியே நீண்ட மர வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம்.

"அண்டைக்கு என்னை உண்மையாவே சந்தேகப்பட்ட நீயா?" என்று கேட்டான்.

"ஓம்" என்றேன். "என்ட கண்ணைப் பத்திக் கூட வேலை செய்றவங்க சொன்னதெண்டு மனேஜர் சொன்னார். நீதான் எண்டு நினைச்சன்."

அவன் மூச்சை எடுத்துக்கொண்டான். "மனேஜர் எனக்குச் சொன்னது வேற. ஆள் குறைக்கப் போறமாம், இருமுறவனை முதல்ல நிப்பாட்டுங்க எண்டு நீ சொன்னியாம். அதுதான் களஞ்சியத்தக் கெஞ்சிக் கேட்டு வாங்கினன். உன்னோட பேசாம விட்டதும் அதாலதான்."

"அப்ப மறுகா ஏன் தாளக் கொண்டுவந்த?"

"அந்தத் தாளை வாசிச்ச பிறகு அவங்கட ஒரு சொல்லையும் என்னால நம்ப ஏலாமப் போச்சு. உன்னைப் பத்திச் சொன்னதையும்தான்."

அவன் சொன்னதை நம்பினேன். நம்புவதற்கு முன் ஒரு கணம் யோசித்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஒரு கணத்தை அவன் கண்டிருப்பான். தாதி அவனுடைய இலக்கத்தைக் கூப்பிட்டாள். எழும்புவதற்கு அவனுக்கு என் தோள் தேவைப்பட்டது.