நாற்பத்தோராம் நாள் ஜபம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊரில் சொல்வார்கள். பெங்களூருக்கு வந்தபின் அது வயிற்றுக்கு இறங்கிவிட்டது. எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், இரண்டாயிரத்து மூன்றில், நெஞ்செரிச்சல் இல்லாத வாரமே கிடையாது. டாக்டர் மாத்திரை கொடுத்தார். ஆபீசில் சனிக்கிழமை தியான வகுப்பு எடுத்த கன்னட அம்மாள் மிருத்யுஞ்ஜய மந்திரம் கொடுத்தார். உடம்பும் மனசும் சமநிலைக்கு வர நாற்பத்தெட்டு நாள், தினமும் நூற்றெட்டு முறை. "மத்யே ஏளபேடி" என்றார், நடுவில் எழுந்துவிடாதீர்கள் என்று.

அவர் சொன்னது அவ்வளவுதான். ஒரு நாள் தடைபட்டாலும் முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும் என்ற சட்டத்தை நானே சேர்த்துக்கொண்டேன். எக்செல்லில் நாற்பத்தெட்டுக் கட்டம் போட்டு, முடித்த நாளுக்குப் பச்சை அடித்தேன். மென்பொருள்காரன் புத்தி எங்கே போகும்? சாமிக்கும் கெடு வைத்தேன்.

அப்போது அப்பா எங்களோடு ஹெப்பகோடி வீட்டில் இருந்தார். ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோயிலுக்குப் போனால் செருப்புக்குக் காவல் இருக்கிறேன் என்று வெளியிலேயே நின்றுகொள்ளும் ஆள். "புரியற பாஷையில கேட்டே ஒண்ணும் கெடைக்கல. நீ புரியாத பாஷையில கேக்குற" என்று கிண்டல் செய்தார்.

காலையில் கம்பெனி வண்டி வரும்வரை நாங்கள் இருவரும் காபியோடு உட்கார்ந்து பேப்பரை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துப் படிப்போம். ஜபம் அந்த அரைமணி நேரத்தை விழுங்கியது. அவர் குறை சொல்லவில்லை. மூடிய கதவுக்கு வெளியே நாற்காலியைப் போட்டு முழுப் பேப்பரையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் வெளியே வந்ததும், "முடிஞ்சிதா? காபி ஆறிப்போச்சு" என்பார். நின்றபடியே குடித்துவிட்டு வண்டிக்கு ஓடுவேன்.

நாற்பத்தோராம் நாள் என் மனைவி ஓசூரில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். ருத்திராட்ச மாலையில் அறுபதைத் தாண்டியிருப்பேன். "டேய், கொஞ்சம் வாடா. கை ஒருமாதிரியா இருக்குது" என்றார் அப்பா.

என் காதில் விழுந்தது. நன்றாகவே விழுந்தது. ஜபத்தில் இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியட்டுமென்று குரலைக் கொஞ்சம் உயர்த்தினேன். அவர் மறுபடி கூப்பிடவில்லை. என் ஜபம் கெடக்கூடாது என்று நினைத்திருப்பார். சாமியே இல்லை என்ற மனிதர் அதற்குக் கொடுத்த மரியாதை இன்றும் என்னைத் தின்கிறது.

நூற்றெட்டையும் முடித்துக் கதவைத் திறந்தேன். நாற்காலியில் ஒருபக்கமாகச் சரிந்திருந்தார். வாய் கோணியிருந்தது. காபி தரையில் கொட்டிக் கிடந்தது.

எப்போது ஆரம்பித்தது என்றுதான் ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டார். "கதவத் தொறந்தப்பதான் சார் பாத்தேன்" என்றேன். மந்திரம் சொல்லி முடித்த அதே வாயால் சொன்னேன். அந்தக் கால்மணி நேரம் எதையாவது மாற்றியிருக்குமா என்று அவரிடம் கேட்க எனக்குக் கடைசிவரை தைரியம் வரவில்லை.

வலது கையும் பேச்சும் போய்விட்டன. வீட்டுக்கு வந்து பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண், வாய்க்குப் பழகிய வரிசைகளைச் சொல்லிப் பாருங்கள், சிலருக்கு அது மட்டும் வரும் என்றாள். ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தேன். வரவில்லை. ஞாயிறு, திங்கள் வரவில்லை. என் பெயர் வரவில்லை.

ஒரு மாதம் கழித்து ஒரு காலை, அவருக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். ஜப அறையின் கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "த்ரியம்பகம்" என்றார். பிறகு திக்கித் திக்கி மந்திரம் முழுவதையும் சொல்லி முடித்தார். நான் இழுக்கும் இடத்தில் இழுத்து, நான் மூச்சு வாங்கும் இடத்தில் மூச்சு வாங்கி. நாற்பது காலையும் அவர் பேப்பர் படிக்கவில்லை. நான் எப்போது வெளியே வருவேன் என்று என் குரலையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அழுதேன்.

அதன்பின் இரண்டு வருடம் இருந்தார். வேறு வார்த்தை வரவே இல்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும், திரும்பிப் படுக்க வேண்டுமென்றாலும், சும்மா என்னைப் பார்க்க வேண்டுமென்றாலும் "த்ரியம்பகம்" என்றுதான் கூப்பிடுவார். ஒரே தடவைதான் கூப்பிடுவார். நான் எதைச் செய்துகொண்டிருந்தாலும் போட்டுவிட்டு ஓடுவேன்.