அண்ணாச்சிக்குத் தோன்றிய யோசனை

இன்று கோவில்பட்டியில் ஒரு கல்லூரி விழா. நிதித்துறையை மாற்றிய பெரிய மனிதர்களைப் பற்றி எங்கள் அண்ணாச்சி பேசினார்.

இருபது வருஷத்துக்கு முன்னால் அவரும் நானும் ஒரே சின்ன பைனான்ஸ் கடையில் வேலை பார்த்தோம். இன்று அவர் கம்பெனிக்கு மாவட்டத்துக்கு மாவட்டம் கிளைகள்.

வெளிநாட்டு வங்கியாளர்களைச் சொல்லி முடித்துவிட்டுத் தன் கதைக்கு வந்தார். "இடைசெவல் பருத்திக்காட்டுல தனியா நடந்து வாரேன். பத்துப் பொம்பளைங்க சேந்து ஒருத்திக்கு ஒருத்தி ஜாமீன் நின்னா, கடனுக்குப் பத்திரமே வேண்டாமேன்னு அப்பதான் தோணிச்சி."

அரங்கமே கைதட்டியது. எனக்குக் கை எழவில்லை. அன்று அவர் தனியாக நடக்கவில்லை. கூடவே நடந்து, அதே வார்த்தைகளை அவரிடம் சொன்னவள் நான். "இதெல்லாம் நடக்காதுட்டி" என்று சிரித்தவர் அவர்.

விழா முடிந்ததும் அவர் முன்னால் போய் நின்றேன்.

"ஏட்டி மாரி! நல்லாருக்கியா?"

"நல்லாருக்கேன் அண்ணாச்சி. அன்னைக்குக் காட்டுல நானும்தானே வந்தேன், மறந்துட்டீகளா?"

அவர் முகம் ஒரு கணம் மாறியது. பிறகு குரலைத் தணித்துச் சொன்னார். "மேடையில எல்லாத்தையும் சொல்லிக்கிட்டு இருக்க முடியுமாட்டி? வா, ஒரு போட்டோ எடுப்போம்."

மறுக்கத் தெரியாமல் பக்கத்தில் நின்றுவிட்டேன். அதுதான் இப்போது அதிகமாக வலிக்கிறது.

சாயங்காலம் அவர் கம்பெனியின் பேஸ்புக் பக்கத்தில் அந்தப் படம் வந்துவிட்டது. கீழே, "எங்கள் கடனுதவியால் வாழ்வில் உயர்ந்த சகோதரி" என்று எழுதியிருக்கிறார்கள்.

அங்கே நான் ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்கியதில்லை. கமெண்டில் என்ன எழுதட்டும், நீங்களே சொல்லுங்கள்.