கேதம் சொல்லாத நாள்

ஒரு மனிதரின் சாவை நான் மறைத்தேன். கொலை இல்லை, பதறாதீர்கள்! அவர் பாட்டுக்கு வயதாகி, தன் கட்டிலில் படுத்துத்தான் செத்தார். அந்தச் சாவை ஊருக்குச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் சொல்லவில்லை. மறதியால் அல்ல... வேண்டுமென்றே சொல்லவில்லை.

வருந்துகிறேனா என்று கேட்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். முழுவதையும் கேட்டுவிட்டு என்னைத் திட்டுங்கள்.

என் பெயர் கோமதி. மலேசியாவின் கேமரன் மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவள். இன்னமும் அங்கேதான் இருக்கிறேன். சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுப்பது என் வேலை. ஆனால் தோட்டத்தார் என்னை அறிவது என் குரலால். எங்கள் லயத்து வாட்ஸ்அப் குழுவில் காலைதோறும் 'இன்றைய நாள்' சொல்கிறவள் நான்தான்.

இதே நாளில் எந்த அரசன் முடிசூடினான், எந்தக் கப்பல் மூழ்கியது, எந்தப் பாடகி பிறந்தாள், எந்த நடிகரின் முதல் படம் திரைக்கு வந்து ஊர் அமளிதுமளிப்பட்டது... எல்லாவற்றையும் நாள்காட்டியிலும் பத்திரிகையிலும் பொறுக்கியெடுத்து மூச்சு விடாமல் சொல்வேன். முடிவில் லயத்துச் செய்தி: யாருக்குப் பிறந்தநாள், யாருக்குக் கல்யாண நாள், யார் வீட்டில் கேதம். தோட்டத்தை விட்டுப் பிரிஞ்சாங்குக்கும் ஈப்போவுக்கும் போய்விட்டவர்கள்கூடக் கேட்பார்கள். தானா ராத்தாவில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் காதர் பாய், ரொட்டி தட்டியபடியே கடை முழுக்கக் கேட்கும்படி என் குரலைப் போட்டுவிடுவார். "கோமதி வாய் தொறக்கலன்னா நமக்குப் பொழுதே விடியாதுலா" என்பார். எனக்கு உச்சி குளிர்ந்து போகும்.

முன்பெல்லாம் லயத்தில் ஒரு சாவு விழுந்தால், ஓர் ஆள் வீடு வீடாகப் போய்க் கேதம் சொல்வான். இப்போது அந்த ஆள் இல்லை. என் குரல்தான் வீடு வீடாகப் போகிறது.

வருடத்தில் ஒரு நாள் மட்டும் என் பட்டியல் முடியவே முடியாது. எந்த நாளென்று சொல்ல மாட்டேன். சொன்னால் எங்கள் ஆட்கள் பலருக்கு வம்பு வந்துவிடும். உலகத்துக்கும் அது சாதாரண நாள் இல்லை. ஒரு பேரரசு விழுந்திருக்கிறது. பந்தாட்டக் கோப்பை ஒன்று கைமாறியிருக்கிறது. ஜனங்கள் பைத்தியம் பிடித்துப் பார்த்த ஒரு படம் வெளியாகியிருக்கிறது. இருந்தாலும் பட்டியல் நீள்வதற்கு இவையெல்லாம் காரணமில்லை. எங்கள் லயத்தில் என் வயதுக்காரர்களில் பாதிப்பேர் பிறந்தது அந்த ஒரே நாளில்தான்!

சிரிப்பு வருகிறதா? எங்களுக்கும் வரும். சாமிநாதன் கிராணியின் கைங்கரியம் அது. கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸ் கணக்கர். லயத்தில் குழந்தை பிறந்தால் தகப்பன் போய் அவரிடம் சொல்வான். அவர் உடனே பதிய மாட்டார். குழந்தைகள் சேரட்டும் என்று காத்திருந்து, டவுனுக்கு வேறு வேலை விழும்போது எல்லாரையும் மொத்தமாகப் பதிவார். பிறந்த தேதி? அவருக்கு ஞாபகமிருந்த ஏதோ ஒரு தேதி! அடுத்த வருடமும் அதே தேதிதான். மழைக்காலத்தில் பிறந்தவளும் அன்று பிறந்தாள். வெயிலில் பிறந்தவனும் அன்று பிறந்தான். நான்கூட அன்றுதான் பிறந்தேன். அந்த நாள் வந்தால் லயம் முழுக்கக் கேக் வெட்டுவோம்.

என் தம்பி செல்வம் மட்டும் அன்று பிறக்கவில்லை. எந்த நாளிலும் பிறக்கவில்லை. அவனைக் கிராணி விட்டுவிட்டார்.

அப்பா கேட்டுக்கொண்டேதான் இருந்தார். கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்: "பதிஞ்சாச்சுலா, போ." தம்பிக்கு அடையாள அட்டை எடுக்கும் வயது வந்தபோதுதான் அப்படி ஒரு பிள்ளையே பதிவில் இல்லை என்று தெரிந்தது. அப்பா தலைத்துண்டைக் கழற்றிக் கையில் பிடித்தபடி கிராணி வீட்டு வாசலில் நின்றார். நானும் பக்கத்தில் நின்றேன்.

கிராணி சிரித்தார். "மறந்துபோச்சுலா. அத்தன புள்ளைங்கள்ல ஒண்ணு. என்னா பண்றது?"

அந்தச் சிரிப்பு! அதற்காகத்தான் நான் செய்தேன். ஆத்திரப்பட்டிருந்தால் மன்னித்திருப்பேன். தலை குனிந்திருந்தால், ஐயோ தப்பு நடந்துபோச்சே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்... மன்னித்திருப்பேனா? தெரியவில்லை. ஆனால் சிரித்தாரே!

செல்வத்துக்கு இன்றுவரை அட்டை இல்லை. அட்டை இல்லாதவனுக்குத் தோட்டத்தில் வேலை இல்லை. திரிங்காப்பில், கேள்வி கேட்காத ஒரு முதலாளியின் காய்கறித் தோட்டத்தில் முட்டைக்கோஸ் வெட்டி லாரியில் ஏற்றுகிறான். அங்கேயே தகரக் கொட்டகையில் படுத்துக்கொள்கிறான். போலீஸ்காரர்கள் வழிமறிப்பார்களோ என்று மலையை விட்டு இறங்க மாட்டான். இரண்டு இடத்தில் பெண் பார்த்தோம். இரண்டு வீட்டிலும் முதலில் கேட்டது "ஐசி இருக்கா?" என்றுதான். அப்பா அந்தக் கவலையோடுதான் கண்ணை மூடினார்.

கிராணியோ மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார். பிரிஞ்சாங்கில் வீடு கட்டிக்கொண்டு போனார். கைப்பேசி வாங்கி எங்கள் குழுவிலும் சேர்ந்துகொண்டார். நான் பேசி முடித்ததும் முதல் ஆளாக, 'அருமைம்மா கோமதி!' என்று அனுப்புவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் செத்தது எந்த நாளில் தெரியுமா? அதே நாளில்!

காலையில் பேரரசையும் கோப்பையையும் படத்தையும் சொல்லி, பிறந்தவர்களின் பெயர்களையெல்லாம் வாசித்து முடித்திருந்தேன். குழுவில் கேக் படங்களும் வாழ்த்துகளும் குவிந்துகொண்டிருந்தன. ஈப்போவில் இருக்கும் அவர் மகன் கூப்பிட்டான். அவன் எங்கள் குழுவில் இல்லை; கிராணியின் பூட்டிய கைப்பேசியைத் திறக்கவும் அவனுக்குத் தெரியாது.

"அக்கா, அப்பா தவறிட்டாரு... லயத்து ஆளுங்க தூக்குனாத்தான் அவரு கட்ட வேகும்னு அம்மா அழுவுறாங்க. குழுவுல சொல்லிடுங்கக்கா. சாயங்காலம் எடுக்குறோம்."

சரி என்றேன். கைப்பேசியில் பேசும் பொத்தானை அழுத்தினேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன். பிறகு... விரலை எடுத்துவிட்டேன். அவ்வளவுதான்! ஒரு விரலை எடுப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

சற்றுப் பொறுத்து மறுபடி கூப்பிட்டான். "போட்டுட்டீங்களாக்கா?"

"போட்டாச்சுலா, தம்பி."

அந்த வார்த்தை என் வாயில் இனித்தது. பொய் சொல்கிறேன் என்றே எனக்குத் தோன்றவில்லை. அப்பாவின் சார்பில் பதில் சொல்கிறேன் என்றுதான் தோன்றியது.

பஸ் ஏறிப் பிரிஞ்சாங் போனேன். துக்கம் விசாரிக்க இல்லை, பார்க்க! சாலைக்கு இந்தப் பக்கம், தூறலில் குடை பிடித்தபடி நின்றேன். வாடகை நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. மகன், பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், சவ வண்டியோடு வந்த கூலி ஆட்கள்... அவ்வளவுதான் கூட்டம். கிராணியம்மா, அவர் மனைவி, ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எழுந்து எழுந்து சாலையைப் பார்த்தார். லயத்து லாரி வரும் என்று நினைத்தார் போலிருக்கிறது. பெட்டியைக் கூலி ஆட்கள்தான் தூக்கினார்கள்.

என் தம்பியை ஆளாகவே எண்ணவில்லை அல்லவா நீ? இப்போது உன்னை எண்ண யார் வந்தார்கள், பார்! குடைக்குள் நின்று இப்படித்தான் சொன்னேன். வீட்டுக்கு வந்து என் பிறந்தநாள் கேக்கை நன்றாகச் சாப்பிட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது... ருசியாகத்தான் இருந்தது.

கிராணியம்மா வீட்டைப் பூட்டிவிட்டு மகனோடு ஈப்போவுக்குப் போய்விட்டார். லயத்தில் விஷயம் தெரிந்தபோது ஆளாளுக்குக் கோபம். "ஒரு வார்த்த சொல்லலியே! பெரிய எடத்துக்காரங்க ஆயிட்டாங்க" என்றார்கள். நானும் "ஆமாலா" என்று தலையாட்டினேன்.

இதோடு முடிந்திருந்தால் இதை உங்களிடம் சொல்லியிருக்கவே மாட்டேன்.

சில மாதம் கழித்து, அட்டை இல்லாதவர்களுக்கு உதவுகிற சிலர் தானா ராத்தாவுக்கு வந்தார்கள். செல்வத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். அவன் பிறந்ததைக் கண்ணால் பார்த்தவர் ஒருவர் வந்து சத்தியம் செய்து சொன்னால் வழி பிறக்கலாம் என்றார்கள். யார் இருக்கிறார்கள்? அம்மா இல்லை. அப்பா இல்லை. நான் அப்போது சின்னக் குழந்தை. 

செல்வம்தான் துள்ளினான். "கிராணியம்மா இருக்காங்களேக்கா! மழையில மருத்துவச்சி வர முடியாம, அவுங்கதான் என்னைய கையில வாங்குனாங்கன்னு அம்மா சொல்லுவாங்கல்ல?"

அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அப்படி ஒரு வெளிச்சத்தை அந்த முகத்தில் நான் கண்டதேயில்லை. 

புதுச் சட்டை எடுத்தான். காதர் பாயின் வேனில், காய்கறிக் கூடைகளுக்கு நடுவே குனிந்து உட்கார்ந்து, விவரம் தெரிந்த பிறகு முதல் முறையாக மலையை விட்டு ஈப்போவுக்கு இறங்கினான். நானும் கூடப் போனேன்.

கிராணியம்மா கணவரின் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். செல்வம் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"நீ பொறந்தது நெசம்தான்டா. இந்தக் கையிலதான் வுழுந்தே. ஆனா நான் வரமாட்டேன். அவரு செத்துக் கெடந்தப்ப லயத்துலேருந்து ஒரு குஞ்சு குளுவான் வரல. சரி, மத்தவன வுடு. கையில வாங்குன புள்ள... நீயாச்சும் வந்தியா?"

செல்வம் திகைத்துப்போனான். "அன்னிக்கு எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா யாரும் சொல்லல."

"பொய் சொல்லாதடா! இவ குழுவுல சொன்னாளே. தோ, நிக்கிறாளே, கேளு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அப்போது சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம்! சொல்லியிருந்தால் அந்த அம்மாள் என்னைச் செருப்பால் அடித்திருப்பார். அடித்துவிட்டு, அவனோடு வந்து சத்தியமும் செய்திருப்பார். தலை நிமிர்ந்தேன். சுவரில் படம். படத்தில் அந்தச் சிரிப்பு!

அந்தச் சிரிப்புக்கு முன்னால் நான் மன்னிப்புக் கேட்பதா? நானா?

"சொன்னேனே..." என்றேன். "அன்னிக்கு ஒரே பொறந்தநாள் வாழ்த்தா வந்துச்சு. நீ கவனிச்சிருக்க மாட்ட, செல்வம்."

அவன் ஒரு கணம்கூட என்னைச் சந்தேகிக்கவில்லை. "நான்தான் பாக்காம வுட்டுட்டேன் போலிருக்கும்மா. மன்னிச்சிருங்க" என்று அந்த அம்மாளின் காலில் விழுந்தான். அவர் காலை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

திரும்பி மலை ஏறும்போது செல்வம் சொன்னான்: "அவரு என்னைய மறந்தாரு. நான் அவர மறந்தேன். சரியாப்போச்சுக்கா, வுடு."  புதுச் சட்டையைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டு, பனியனோடு உட்கார்ந்திருந்தான்.

இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஈப்போவுக்குப் போகலாம். அந்த அம்மாளிடம் உண்மையைச் சொல்லலாம். பஸ் இருக்கிறது, கால் இருக்கிறது, வாய் இருக்கிறது. உங்களிடம் சொல்ல முடிந்த எனக்கு அவரிடம் சொல்ல முடியவில்லை. லயத்தார் காறித் துப்புவார்கள் என்ற பயமா? இருக்கலாம். தம்பி என் முகத்தில் விழிக்க மாட்டானே என்ற பயமா? அதுவும் உண்டு. ஆனால் அடியில் கிடப்பது அந்தப் படம்தான். செத்த பிறகும் அந்த ஆளிடம் தோற்க எனக்கு மனம் வரவில்லை. யாருக்காகப் பழி வாங்கினேனோ, அவன் தலையில்தான் பழியைச் சுமத்தி வைத்திருக்கிறேன். எனக்குத் தெரியும்... தெரிந்தும் போகவில்லை!

இந்த வருடம் அந்த நாள் வந்தது. முதல் நாளே செல்வம் கூப்பிட்டிருந்தான். "அக்கா, நாளைக்கு கிராணி செத்த நாளு. அதையும் சேத்துச் சொல்லுக்கா. கிராணியம்மா காதுக்கு எட்டுனா கொஞ்சம் மனசு எறங்குவாங்க."

காலையில் சொன்னேன். பேரரசு விழுந்ததைச் சொன்னேன். கோப்பையைச் சொன்னேன். படம் வெளியானதைச் சொன்னேன். பிறந்தவர்களின் பெயர்களை ஒன்று விடாமல் வாசித்தேன். என் பெயரையும் வாசித்தேன். கடைசியில் ஒரு கணம் நின்றேன். விரல் பொத்தான்மேல் இருந்தது. எடுத்துவிட்டேன்.

வாழ்த்துகள் குவியத் தொடங்கின. சற்று நேரத்தில் செல்வத்தின் குரல் வந்தது.

"என்னாக்கா, அவர வுட்டுட்டியே?"

நான் சிரித்தேன். "மறந்துபோச்சுலா" என்றேன்.