தொடாமல் வைத்த துப்பாக்கி

எங்கள் வீட்டில் ஏர்கன் வாங்கியது பெருச்சாளிக்காகத்தான். வேறு எந்த வீராப்பும் கிடையாது. உத்திரமேரூரிலிருந்து உள்ளே தள்ளி, ஏரிக்கரையை ஒட்டி இருக்கிறது வீடு. பின்பக்கம் கிணறு, கோழிக்கூண்டு, விதைக்கடலை போட்டு வைக்கிற அறை. ஏரியில் தண்ணீர் ஏறினால் போதும், கரையில் வளை போட்டிருக்கிற பெருச்சாளிகள் குடும்பத்தோடு எங்களிடம் குடி வந்துவிடும். அறையின் தரையைக் கீழிருந்து தோண்டி மூட்டையின் அடியில் ஓட்டை போடும். பார்த்தால் மூட்டை கம்பீரமாக நிற்கும். தூக்கினால் தொலியும் மண்ணும் கொட்டும். கோழிக்குஞ்சையும் விடாது. மருந்து வைத்தால் கோழியும் நாயும் தின்றுவிடும். அப்படியே பெருச்சாளி தின்றாலும் நேராக எங்காவது மூலையில் போய்ச் செத்து, நாற்றத்தில் நம்மை வீட்டை விட்டு ஓட வைக்கும்.

சென்னையில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது சிலிண்டரில் காற்றை அடைத்துக்கொண்டு சுடுகிற ரகம். அதற்குத் தனியாக ஒரு பம்பு வேறு. எனக்கு அந்த வம்பு வேண்டாம், குழலை மடக்கினால் ஸ்பிரிங் ஏறிக்கொள்கிற சாதாரண ரகம் போதும் என்றேன். இதற்கு லைசென்ஸ் தேவையில்லை, ஆதார் நகல் கொடுத்தால் போதும் என்றார். தொலைநோக்கி மாட்டித் தரட்டுமா என்று கேட்டார். எங்கள் பின்கட்டிலிருந்து கிணற்றடி வரைக்கும் பார்க்க என் கண்ணே போதும் என்று சொல்லிவிட்டு, தட்டைத் தலை ஈயக்குண்டு ஒரு டப்பா வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, அது கையில் எடுத்ததும் சுடுகிற சாமான் இல்லை என்று. முதல் குண்டு துவைக்கிற கல்லில் பட்டுத் திரும்பி என் காதோரம் போயிற்று. அதற்குப் பிறகு கிணற்றடியில் மணல் மூட்டை போட்டு, அதன் முன்னால் காகிதத்தை ஒட்டிப் பழகினேன். ஸ்பிரிங் துப்பாக்கி சுடும்போது முன்னும் பின்னும் உதறும். இறுக்கிப் பிடித்தால் குறி தப்பும். உள்ளங்கையில் சும்மா கிடக்க விட வேண்டும். இதைக் கண்டுபிடிக்கிற வரைக்கும் என் மனைவிக்கு நல்ல பொழுதுபோக்கு.

"இன்னா மாமா, அந்தக் கோணியக் கூட தொட மாட்டேன்ற. பெருச்சாளி வந்து உன் முன்னால குந்திக்கினு போஸ் குடுக்குமா?"

பழகிவிட்டேன். விளக்கு வைக்கிற நேரத்தில் அவை வெளியே வரும். பின்வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே பட்டால் இருந்த இடத்திலேயே சாய்ந்துவிடும். அந்த இடம் தெரியவில்லை என்றால் சுடக்கூடாது. காயம்பட்டு வளைக்குள் போனால் அதற்கும் வேதனை, நமக்கும் வேதனை. என் அம்மாவுக்கு மட்டும் இதெல்லாம் பிடிக்கவில்லை. புள்ளையார் வாகனம் என்பாள். அப்படியானால் புள்ளையாரையே வந்து ஓட்டிக்கொண்டு போகச் சொல் என்பேன் நான். இப்படித்தான் சண்டையும் சிரிப்புமாகப் போய்க்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் என் மனைவி முதல் தடவை முழுகாமல் இருந்தாள்.

ஒரு சாயங்காலம் சமையலறையிலிருந்து கூப்பிட்டாள். போனேன். அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒன்று பதுங்கி இருந்தது. பூனை அளவு. அவள் அடுப்பு மேடையில் சாய்ந்து, வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அங்கதான் கீது. பாத்துக்கினு கீறியே, சுடு மாமா."

சுட்டேன். ஒரே குண்டு. வாலைப் பிடித்துத் தூக்கிப் போய்ப் புதைத்துவிட்டு வந்து குளித்தேன். அவள் தரையைக் கழுவிவிட்டிருந்தாள். இரண்டு பேரும் சாப்பிட்டோம். அதற்கு மேல் அந்த நாளைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

அந்த வாரமே வயிற்றில் இருந்தது தங்கவில்லை. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து, இது சில நேரம் இப்படித்தான் ஆகும், யாரும் எதுவும் செய்ததால் ஆனதில்லை என்று பொறுமையாகச் சொன்னார். நான் நம்பினேன், இன்றைக்கும் நம்புகிறேன் என்று எழுதத்தான் ஆசை. வார்டுக்கு வெளியே வந்ததும் அம்மா ஆரம்பித்தாள். பக்கத்துப் படுக்கைக்காரர்களுக்குக்கூடக் கேட்டிருக்கும்.

"வவுத்துப் புள்ளக்காரி கீற வூட்ல புருசங்காரன் ஒரு உசிர எடுக்கலாமா? பாம்பக் கூட அடிக்க மாட்டாங்கடா. துப்பாக்கியத் தூக்கிக்கினு ஆடுனியே, இப்ப பாத்தியா?"

எங்கள் பக்கத்தில் இந்தப் பேச்சு புதிதில்லை. மனைவி மாசமாக இருந்தால் புருசன் எந்த உயிரையும் கொல்லக்கூடாது, பாடை தூக்கக்கூடாது. நல்லது கெட்டது நடக்கிற வீடுகளில் அவனை ஒதுங்கி நிற்கச் சொல்வார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் உள்ளே ஒருத்தி படுத்திருக்கிறாள், வாயை மூடிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டு, பழைய லுங்கியில் சுற்றிப் பரணில் போட்டேன். அவள் அதைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. என்னைத்தான் குற்றம் சொல்கிறாள் போலிருக்கிறது, வாயைத் திறக்கப் பிடிக்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறுபடி அவள் மாசமானபோது யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நானே அம்மாவிடம் போய், இந்தத் தடவை துப்பாக்கியைத் தொட மாட்டேன் என்றேன். நம்பிக்கை இல்லாவிட்டால் என்ன, தொடாமல் இருந்தால் குறைந்தா போய்விடுவோம், அவள் நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான். அம்மா திருஷ்டி கழித்துப் போட்டாள்.

பெருச்சாளிகளுக்கு யார் தகவல் சொன்னார்களோ தெரியவில்லை, அந்த வருஷம் ஏரி நிரம்பிப் படையாக வந்தன. கடலை அறையில் ஒரு மூலையே உள்வாங்கிவிட்டது. நான் எலிக்கூண்டு வாங்கி, சுட்ட தேங்காய்ப் பத்தை வைத்து, மாட்டினதைக் கூண்டோடு பைக்கில் வைத்துக்கொண்டு ஏரியின் அந்தக் கோடியில் போய் விடுவேன். டீக்கடை வாசலில் உட்கார்ந்திருக்கிற என் சித்தப்பா தினமும் எழுந்து நின்று வழியனுப்புவார்.

"இன்னாடா, பெருச்சாளிக்குப் பஸ் வுட்டுக்கினு கீறியா? ரிட்டன் டிக்கெட்டும் போட்டுக் குடுத்துடு."

கேலியை நான் பொருட்படுத்தவில்லை. மனதை உறுத்தியது வேறொன்று. ஒரு நாள் வயலிலிருந்து வந்தேன். அவளுக்கு வயிறு நன்றாகத் தெரிகிற மாதம். கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, சுவரோடு ஒட்டி, வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தாள். எதிரே நட்ட நடு வீட்டில் ஒரு பெருச்சாளி சிந்தின சோற்றைத் தின்றுகொண்டிருந்தது. என் காலடி கேட்டு அது ஓடியது. எவ்வளவு நேரமாக இப்படி இருக்கிறாய், ஒரு குரல் கொடுத்தால் பக்கத்து வீட்டிலிருந்து யாராவது வந்திருக்க மாட்டார்களா என்று கத்தினேன். அவள் முகத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "நான் யாரையும் கூப்ட மாட்டேன் மாமா" என்றாள்.

என்னை நம்பவில்லை, துப்பாக்கியை எடுத்துவிடுவேன் என்று பயப்படுகிறாள் என்றுதான் அதற்கு அர்த்தம் பண்ணினேன். அன்று இரண்டு வேளை அவளோடு சரியாகப் பேசவில்லை. என் புத்தி அவ்வளவுதான்.

பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, நல்ல தொண்டை. தாயையும் பிள்ளையையும் வீட்டுக்கு அழைத்து வந்த நாளிலிருந்து பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் அம்மா ஒரே கதையைத்தான் சொன்னாள். "இந்த வாட்டி அவன் துப்பாக்கியத் தொடவே இல்ல. பாத்துக்கோங்க, கொளந்த எப்டி கீதுன்னு." வந்தவர்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். உண்மையைச் சொன்னால், எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. தியாகி மாதிரி பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அவள் மட்டும் ஒரு தடவைகூடத் தலையை நிமிர்த்தவில்லை.

குழந்தைக்குத் தலை நின்ற பிறகு ஒரு சாயங்காலம் பரணிலிருந்து துப்பாக்கியை இறக்கினேன். தூசி தட்டிக்கொண்டிருந்தபோது அவள் வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"மாமா, அன்னிக்கு நான்தான சுடச் சொன்னேன்?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. எந்த அன்றைக்கு என்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் புரிந்துவிட்டது. அரிசி டிரம். வயிற்றில் வைத்த கை.

"டாக்டரம்மா சொன்னாங்களே" என்றேன்.

"சொன்னாங்க. நானும் அதத்தான் புடிச்சிக்கினு இருந்தேன். அத்த இன்னா பேசனாலும், டாக்டரம்மா சொன்னதுதான் நெசம்னு இருந்தேன். இந்த வாட்டி நீ தொடல. இது நல்லா பொறந்துக்கிச்சி. அப்ப அத்த சொன்னதுதான நெசம்? மொதல்ல போனது என்னாலதான?"

"பைத்தியமா உனக்கு? நான் அதையெல்லாம் நம்பறவனா?"

"நம்பலன்னா இன்னாத்துக்குத் தொடாம இருந்த?"

"உனக்காகத்தான்."

"நான் கேட்டனா?"

கேட்கவில்லை. நான்தான் அவள் முகத்தைப் பார்த்து ஏதோ படித்துக்கொண்டேன். அவள் பேசாமல் இருந்தது என்மேல் இருந்த கோபத்தில் இல்லை. ஒரே ஒரு டாக்டர் சொன்ன ஒரே ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு, எங்கள் எல்லோருக்கும் எதிராக அவள் தனியாக நின்றிருக்கிறாள். அந்த வார்த்தையை அவள் கையிலிருந்து பிடுங்கியது அம்மாவின் பேச்சு இல்லை, என் நல்லெண்ணம். துப்பாக்கியை விற்றுவிடலாம் என்றேன். "வித்தா இன்னும் மோசம். அத்த சொன்னத நாமளே ஒத்துக்கினா மாதிரி ஆயிடும்" என்றாள்.

சரி என்று எழுந்தாள். குழந்தை உள்ளே அம்மாவிடம் தூங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பின்வாசலுக்கு வரச் சொன்னாள். வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. எதிர்பார்த்தபடியே கோழிக்கூண்டின் பக்கமிருந்து ஒன்று வெளியே வந்து, மணல் மூட்டைக்கு முன்னால் கொட்டிக் கிடந்த தவிட்டை முகர்ந்தது.

"சுடு மாமா. நான் சொல்றேன், நீ சுடு. ஒண்ணும் ஆவாதுன்னு நான் பாக்கணும்."

குழலை மடக்கி, குண்டைப் போட்டு, நிமிர்த்தினேன். துப்பாக்கி உள்ளங்கையில் லேசாகக் கிடந்தது, சரியாகத்தான் பிடித்திருந்தேன். பெருச்சாளி பக்கவாட்டில் திரும்பி, கண்ணும் காதும் தெளிவாகத் தெரிய நின்றது. அதைவிட நல்ல குறி எனக்குக் கிடைத்ததில்லை. உள்ளே குழந்தை லேசாக இருமியது. சும்மா இருமல்தான், பால் புரையேறி இருக்கும்.

விரல் மடங்கவில்லை. மடக்கப் பார்த்தேன், மடங்கவில்லை. பெருச்சாளி நிதானமாகத் தவிட்டைத் தின்று முடித்துக் கிணற்றைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

அவள் அதைப் பார்க்கவில்லை. ஆரம்பத்திலிருந்தே என் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குழந்தையைத் தூக்க உள்ளே போனாள்.