ஒரு காம்பராவுக்கு ஒரு பேர்

நிமலனுக்குக் கெம்பஸ் கிடைக்கவில்லை. உயர்தரம் இரண்டு முறை எழுதினான். இரண்டாவது முறை மூன்று பாடமும் சித்தி. பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்றுவிட்டான்.

லுணுகலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் அவனோடு படித்தவர்களில் ஒருத்தி ஆசிரியையானாள். மற்றவர்கள் கொழும்புக்குப் போய்க் கடைகளில் நின்றார்கள். கடையில் நிற்க அவனுக்கு மனமில்லை. லைசன் எடுத்தான். காத்திருக்க வேண்டிய காலம் காத்திருந்து பெரிய லொறிக்கான ஹெவி லைசனும் எடுத்தான். பதுளையில் எழுத்துப் பரீட்சை அன்று மண்டபத்திலிருந்து முதலில் எழுந்து வந்தவன் அவன்தான்.

"படிச்சதுக்கு இதுல மட்டும்தான் முதலாவது வந்தேன்" என்று அம்மாவிடம் சொன்னான்.

அதன் பிறகு ஆறு வருடம் தோட்டத்தின் கொழுந்து லொறி. கொழுந்து நிறுக்கும் மடுவங்களில் நின்று நின்று சாக்குகளை ஏற்றி, வாடுவதற்குள் தொழிற்சாலைக்குக் கொண்டுபோக வேண்டும். தாமதித்தால் சாக்குக்குள் கொழுந்து சூடேறி சிவந்துவிடும். ஒரு மலையைச் சுற்றி ஒரே பாதை. எந்த வளைவில் எந்த கியர் என்று அவன் யோசிப்பதில்லை. கை தானாகப் போடும்.

இடையில் இரண்டு தடவை வெளியிலிருந்து வேலைக்குக் கூப்பிட்டார்கள். ஒன்று துறைமுகத்தில் கொள்கலன் லொறி. இரண்டையும் வேண்டாம் என்றான். காரணம் காம்பரா, தோட்டத்து வரிசை வீடுகளில் அவர்கள் குடியிருந்த ஓர் அறை. லயத்தில் ஒரு காம்பரா ஒரு குடும்பத்திடம் இருக்க வேண்டுமானால், அந்தக் குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்ய வேண்டும். பக்கத்துக் காம்பராவில் இருந்தவர்கள் எல்லோரும் வெளி வேலைக்குப் போனார்கள். இப்போது அங்கே தோட்டத்து உர மூட்டைகள் இருக்கின்றன. கொழுந்து எடுக்கும் அம்மா விஜயலெட்சுமிக்கு முழங்கால் போய்க்கொண்டிருந்தது. அம்மாவுக்குப் பிறகு தன் பேர் நிற்கட்டும் என்று அவன் நின்றான்.

இந்தத் தடவை கூப்பிட்டவர் ஜௌபர். பதுளை பசாரில் மொத்தக் கடை. அவருடைய லொறி மரக்கறி ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய், சீனியும் மாவும் ஏற்றிக்கொண்டு வரும்.

"ஹெவி லைசன பையில வச்சிக்கிட்டு ஒரு மலையச் சுத்துறீங்களே தம்பி" என்றார். "கல்யாணச் சப்பாத்தப் போட்டுட்டு மாடு மேய்க்கிற மாதிரி."

"முன்ன ஓட்டினவரு என்ன ஆனாரு முதலாளி?"

"கட்டார் போய்ட்டான். எல்லா டிரைவரும் கடைசில கட்டார்தான். நீங்களும் போவீங்க. அதுக்கு முந்தி எனக்குக் கொஞ்ச காலம் ஓட்டிட்டுப் போங்க."

"யோசிச்சுச் சொல்றேன்."

"நல்லா யோசிங்க. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு முந்தி சொல்லிருங்க. ஹாலிஎலப் பக்கம் ஒருத்தன் வரப் பாத்துட்டு நிக்கிறான்."

நிமலன் யோசித்தான். லொறியில் முதுகு போகும். நேரத்துக்குச் சாப்பாடு கிடையாது. கொழும்புப் பாதையில் பெரகல இறக்கத்தில் பனி இறங்கினால் முன்னால் போகிறவனின் சிவப்பு விளக்குதான் பாதை. ஆனால் லொறிக்காரனிடம் யாரும் பட்டம் கேட்பதில்லை. பெட்டியை நெளிக்காமல் கொண்டுவந்து சேர்த்தால் போதும். அவன் கையில் இருந்த ஒரே தகுதி அது.

மனைவி கலாராணி லுணுகலையில் துணிக்கடையில் வேலை செய்கிறாள். கேட்டதும் "போங்க" என்றாள். "கெம்பஸ் போனவங்களே பாஸ்போட் எடுக்க வரிசையில நிக்கிறாங்க. நீங்க கொழும்பு வரைக்குந்தானே."

அம்மா முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "இந்த மாசத்தோட நான் பேர் வெட்டிக்கிட்டு வேலைய விட்டு நிக்கிறேன். இவனும் போயிட்டா காம்பராவுக்கு யாரு?"

நிமலனிடம் ஒரு வழி இருந்தது. லொறி திரும்பி வந்து நிற்கும் நாட்களில் தோட்டத்தில் வேலை செய்வது. அப்படிச் சிலர் பேரைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். மறுநாள் அதைக் கேட்க ஆபிசுக்குப் போனான்.

கிளாக்கர் ஐயா தலை நிமிரவில்லை. "யாரு பேரு நிக்கணும்?"

"எம்பேருதான் ஐயா."

"உன் பேரு எங்க இருக்கு, நிக்கிறதுக்கு?"

நிமலனுக்கு விளங்கவில்லை. கிளாக்கர் பேனாவை வைத்தார்.

"லொறிக்கு வந்த அன்னைக்கு செக்ரோல் பேரேட்டுல லேபர்னு எழுதப் போனேன். நீதானே தம்பி குறுக்க நின்ன? ஏ.எல். படிச்சவன், லேபர்னு போடாதீங்க, டிரைவர்னு போடுங்கன்னு. செக்ரோல்ல டிரைவர்னு ஒண்ணு கிடையாது. சரி, புள்ள கௌரவம் பாக்குதுன்னு தோட்டத்துக்கு லொறி வாடகைக்கு விடுற கொந்தராத்துக்காரர் பக்கம் தள்ளிவிட்டேன். ஐயாவுக்கு நன்றின்னு கும்பிட்டுட்டுப் போனியே."

"தோட்டத்து லொறிதானே ஐயா ஓட்டுறேன்."

"தோட்டத்துக் கொழுந்து. லொறி கொந்தராத்துக்காரரோடது. நீயும் அவரோட ஆளு."

"அப்ப காம்பரா?"

"உங்கம்மா பேர்ல நிக்கிது. இந்த மாசம் முடியிற வரைக்கும்."

நிமலன் வாசற்படி வரை போனான். கும்பிட்டது ஞாபகம் இருந்தது. அன்று வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். சம்பளம் கொந்தராத்துக்காரர் கையால் வந்ததைக்கூட அவன் ஒரு மரியாதையாகத்தான் நினைத்திருந்தான்.

திரும்பி வந்து கேட்டான். "இப்பப் போடலாமா ஐயா?"

"தாராளமா. மலையில ஆளில்லாம தொரை அலையிறாரு. செடி வெட்டுற கவ்வாத்துக் கத்திய எடுத்துட்டு வா. ஆனா தினமும் வரணும். புதுப் பேருக்கு அப்பப்ப வந்து போற கதை கிடையாது. உன்னால முடியாட்டி பொஞ்சாதிய அனுப்பு. கொழுந்துக்குப் போட்டுடலாம்."

வீட்டில் சொன்னபோது அம்மா முதலில் சிரித்தாள். "அப்ப இத்தன வருஷமா நீ எங்காம்பராவுக்கு வந்த விருந்தாளியாடா?" அப்புறம் சிரிப்பு நின்றது. முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "இன்னும் கொஞ்ச நாள் நான் இழுத்துப் பாக்கட்டா?"

குசினிக்குப் போவதற்கே அவள் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது.

"லுணுகலையில ஒரு அறை பாக்கலாம்" என்றான் நிமலன்.

"பாக்கலாம். நீங்க லொறியில இருப்பீங்க. நானும் உங்கம்மாவும் வாடகைக்காரன் முகத்தப் பாத்துட்டு இருப்போம்" என்றாள் கலாராணி.

அவள் ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். அவள் அம்மாவும் கொழுந்து எடுத்தவள்தான். பெண் பார்க்கப் போன அன்று அவள் ஒரே ஒரு நிபந்தனை சொன்னாள். மலைக்குப் போக மாட்டேன், கூடை தூக்க மாட்டேன். நிமலன் எல்லோர் முன்னாலும் அதற்குச் சரி சொன்னான்.

அம்மா தூங்கப் போனதும் கலாராணி கேட்டாள். "நீங்க கத்தி எடுப்பீங்களா?"

அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எடுப்பேன்னு சொல்லுங்க. நான் வேணாம்னு சொல்லிடுறேன். சும்மா வாயாலயாவது சொல்லுங்க."

சொல்ல நினைத்தான். சொன்னால் அவள் வேண்டாம் என்று சொல்லாமல் விட்டுவிடுவாளோ என்ற பயம் எங்கிருந்தோ வந்தது. "அப்ப ஜௌபர் முதலாளிக்கு என்ன சொல்றது?" என்றான்.

கலாராணி தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஒண்ணும் சொல்ல வேணாம். காலையில துணிக்கடைக்காரம்மாவுக்கு நான் சொல்லிக்கிறேன்."

வெள்ளிக்கிழமை மலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டுக்கு அவள் போனாள். கங்காணி பேர் கேட்டபோது, சத்தமாகச் சொன்னாளாம். நிமலன் அங்கே இல்லை. லொறிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

பகல் நிறுவைக்காக மேல் மடுவத்துக்கு லொறியை ஏற்றினான். பெண்கள் வரிசையில் நின்றார்கள். அம்மா மலைக்குக் கட்டும் படங்குச் சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு கலாராணி கடைசியில் நின்றாள். சாக்கு அவளுக்குப் பெரிதாக இருந்தது. அவள் கூடையில் பாதிகூட இல்லை.

"டிரைவர் பொஞ்சாதி கொழுந்தா எடுத்திருக்கா? முழுக்கக் காம்பு" என்றாள் ஒருத்தி.

"முதல் நாளுன்னா விடுங்கடி. நாளைக்குப் பாரு, நம்மள முந்துவா" என்றாள் இன்னொருத்தி.

"முந்தி என்ன செய்ய? அவ புருஷன் கொழும்புக்குப் போறானாம். இவ வேகமா எடுத்தா அவன் சீக்கிரம் வந்துடுவானா?"

சிரித்தார்கள். கலாராணியும் சிரித்தாள். கொழுந்துச் சாக்கை லொறியின் விளிம்பில் வைத்துத் தள்ளினாள். "சீக்கிரம் ஏத்துங்க லொறிக்காரரே, கொழுந்து வாடுது" என்றாள். பெண்கள் இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள்.

நிமலன் சாக்கைப் பிடித்து உள்ளே இழுத்தபோது போன் அடித்தது. ஜௌபர்.

"என்ன தம்பி, ஜும்ஆவுக்குப் பள்ளிக்குப் போகப் போறேன். ஆமாவா, இல்லையா?"

நிமலன் லொறியின் மேலே நின்றான். கலாராணி கீழே நின்றாள். நெற்றியில் கூடைக் கயிறு அழுத்திய தடம் சிவந்திருந்தது. அவள் தலையை அசைக்கவும் இல்லை, வேறு பக்கம் திரும்பவும் இல்லை.

"வாறேன் முதலாளி" என்றான்.

"அல்ஹம்துலில்லாஹ். திங்கக்கிழமை விடிய வந்துடுங்க."

கங்காணி எல்லோரையும் மலைக்குத் திரும்பச் சொல்லிச் சத்தம் போட்டார். வரிசை கலைந்தது. கலாராணி இரண்டடி போய்த் திரும்பி வந்தாள்.

"உங்கம்மாவோட சப்பாத்து எனக்குப் பத்தல. விரல் மடங்குது. கொழும்புல ரப்பர் பூட்ஸ் மலிவாம். வரும்போது ஒரு சோடி வாங்கிட்டு வாங்க."

"என்ன நம்பர்?"

அவள் சொன்னாள். பிறகு, "ஒரு நம்பர் பெருசா எடுங்க. இனி ரொம்ப நாளைக்குப் போடணும்ல" என்றாள்.

மற்றவர்கள் மலையில் ஏறிக்கொண்டிருந்தார்கள். வெறும் கூடையின் கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டு அவளும் ஏறினாள். நிமலன் பின்பலகையைத் தூக்கிக் கொக்கியை மாட்டினான். கொழுந்து சூடேறத் தொடங்கியிருந்தது.