எருமை நேரம், படகு நேரம்

என் மகள் ஓ.எம்.ஆரில் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் விளையாட்டுகளை விளையாடிப் பார்க்கும் வேலையில் இருக்கிறாள். சம்பளம் கொடுத்து யாராவது விளையாடச் சொல்வார்களா என்று எனக்கு வெகுநாள் குழப்பம். நான் மேடவாக்கத்தில் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. பேச்சும் அதிகம் வராது. அதனால் அவளிடம் விவரமாகக் கேட்டதில்லை.

போன மாதம் அவளே சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். பல ஊர்க்காரர்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஆடும் விளையாட்டாம். அதில் ஓர் ஆறு. சிலர் படகு ஓட்டுகிறார்கள், சிலர் அதே ஆற்றின் குறுக்கே மாடுகளை ஓட்டிப் போகிறார்கள்.

"படகுக்கு டைம் ஜாஸ்தி குடுத்தா மாட்டுக்காரங்க கேமை விட்டே போயிடறாங்கப்பா. மாட்டுக்குக் குடுத்தா படகுக்காரங்க போயிடறாங்க. பேலன்ஸே வர மாட்டேங்குது. நாங்க நூறு தடவை ஆடிப் பாத்து, கொஞ்சம் கொஞ்சமா மாத்தி, அப்புறம்தான் நெஜ கேம்ல போடுவோம்."

எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் ஏதோ உடம்புக்கு என்று நினைத்துத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். அந்த விளையாட்டை நானும் ஒரு காலத்தில் ஆடியிருக்கிறேன் என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்த விடுமுறை. எங்கள் குப்பம் கடலுக்கும் கால்வாய்க்கும் நடுவில் இருந்தது. பெரும்பாலானவர்கள் கடலுக்குப் போக, அப்பா கால்வாயில் படகு வைத்திருந்தார். கழிமுகத்தில் கிளிஞ்சல் அள்ளி, கழி ஊன்றி வடக்கே கிளிஞ்சலைச் சுட்டு நீறாக்கும் சுண்ணாம்புக் காளவாய்க்குக் கொண்டுபோவார். அவரைப் போல இன்னும் நாலைந்து படகுகள். கால்வாயின் மேற்குக் கரையில் எருமை வைத்திருந்தவர்களின் வீடுகள். புல் எங்கள் கரையில்தான் இருந்தது. ஆகவே காலையில் எருமைகள் இந்தப் பக்கம் வரும், மாலையில் அந்தப் பக்கம் போகும்.

அவை இறங்க ஒரே ஓர் இடம்தான் தோது. மற்ற இடங்களில் சேறு காலை இழுத்துக்கொள்ளும். படகுகளும் அந்த இடத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். கடல் தண்ணீர் கால்வாயில் ஏறும்போது சுமையோடு படகு போகலாம், வற்றும்போது எருமை நடக்கலாம். ஆனால் தண்ணீர் ஏறும் நேரம் ஒவ்வொரு நாளும் தள்ளித் தள்ளிப் போகும். எருமைக்குப் பசி அப்படித் தள்ளிப்போவதில்லை.

அந்தச் சித்திரையில் அப்பாவின் படகு இடித்து ஓர் எருமைக் கன்றின் கால் ஒடிந்தது. மறுநாள் மேற்குக் கரைக்காரர்கள் கால்வாயின் குறுக்கே வடக்கயிறு கட்டிவிட்டார்கள். படகுகள் நின்றன. பெரியவர்கள் காலையில் இரண்டு கரையிலும் நின்று கத்துவார்கள். அப்பா வீட்டிலேயே இருந்தார். அம்மா குழம்பை நீர்க்க நீர்க்க வைத்தாள். எனக்கு அப்பா வீட்டில் இருப்பது பிடித்திருந்தது. அவர் ஏன் யாரோடும் பேசாமல் படகை மட்டும் கழுவிக் கழுவி வைக்கிறார் என்பது விளங்கவில்லை.

அம்மாவின் தம்பி எங்களோடுதான் இருந்தார். எதையும் வேடிக்கையாகச் செய்கிறவர். அவர் ஒரு நாள் இரு கரைப் பிள்ளைகளையும் கூப்பிட்டு, கால்வாயை ஒட்டி ஓடிய சின்ன ஓடைக்கு அழைத்துப்போனார். அதிலும் தண்ணீர் ஏறும், வற்றும்.

"இந்தப் பக்கத்து ஆளுங்கோ படகு. அந்தப் பக்கத்து ஆளுங்கோ எருமை. ஜெயிக்கிற பக்கத்துக்கு கமர்கட்" என்றார்.

படகு என்றால் கட்டுமரத்திலிருந்து கழற்றிய ஒரு துண்டுக் கட்டை. அதன்மேல் ஒரு கூடை கிளிஞ்சல். சிந்தாமல் ஓடையின் கடைசிவரை தள்ளிக்கொண்டு போகவேண்டும். எருமைகள் நாலு காலில் தவழ்ந்து ஓடையைக் கடக்கவேண்டும். எழுந்து நின்றால் செத்த எருமை. ஓடை நடுவில் மாமா ஒரு மூங்கிலை நட்டு, அதில் கரியால் கோடு போட்டு, கோட்டின்மேல் சிவப்புத் துணி கட்டினார். தண்ணீர் துணிக்குக் கீழே இருக்கும்வரை எருமை நேரம். துணியைத் தொட்டதும் அவர் சீழ்க்கை அடிப்பார், அதிலிருந்து படகு நேரம்.

இதில் குழப்பம் என்னவென்றால், மாமா தினமும் துணியை மாற்றிக் கட்டுவார். ஒரு நாள் ஒரு விரல் மேலே, மறுநாள் அரை விரல் கீழே. ஆட்டம் முடிந்ததும் தோற்ற பக்கத்தைக் கூப்பிட்டு, எத்தனை பேர் கடந்தீர்கள், எங்கே நின்றீர்கள் என்று கேட்டு, பழைய கோட்டை அழித்துப் புதுக்கோடு போடுவார். ஜெயித்தவர்களிடம் எதுவும் கேட்கவும் மாட்டார், சொல்லவும் மாட்டார்.

"இன்னா மாமா, நேத்து ஒரு ரூலு, இன்னைக்கு ஒரு ரூலா? ஒரே பேஜாரா கீது" என்று எங்கள் பக்கத்தில் ஒருவன் கேட்டேவிட்டான்.

"தண்ணி இன்னா உங்கப்பன் வூட்டு வேலைக்காரனாடா, தெனம் ஒரே நேரத்துக்கு வந்து கைகட்டி நிக்க?" என்றார் மாமா.

எருமைகளுக்குத் தலைவி, கன்றின் கால் ஒடிந்த வீட்டுப் பெண். என்னைவிட இரண்டு வயது பெரியவள். முட்டி தேய அவள் தவழும் வேகத்துக்கு யாரும் ஈடில்லை. எனக்கு அதிகம் பேச வராது என்பதை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள்.

"ஊமைப் படகு வந்துகினு கீது, வழி வுடுங்கடா! ஹாரன் அடிக்காது, நாமதான் பாத்துக்கணும்!"

எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பு வரும், ஆனால் கூடை கவிழ்ந்துவிடும். நான் ஒரு நாள்கூடக் கடைசிவரை கொண்டுபோய்ச் சேர்த்ததில்லை.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, மாமா காலையிலேயே துணியைக் கட்டிவிட்டு, "இன்னைக்குப் பெரியவங்க பாக்க வராங்க. ஒழுங்கா ஆடுங்க" என்று சொல்லிவிட்டு அவர்களைக் கூப்பிடப் போனார். அப்பாவும் வருவார் என்று தெரிந்தது. அவர் பார்க்க நான் ஒரே ஒருமுறை ஜெயிக்கவேண்டும். வேறெதுவும் தோன்றவில்லை. ஓடையில் இறங்கி, முடிச்சை அவிழ்த்து, சிவப்புத் துணியை நாலு விரல் இறக்கிக் கட்டினேன். தண்ணீர் சீக்கிரம் தொடும், படகு நேரம் சீக்கிரம் வரும். நான் முன்னால் நின்றுகொண்டால் போதும்.

இரண்டு கரைப் பெரியவர்களும் வந்து கரையில் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்தாலும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை. விளையாட்டு பார்க்க வந்தவர்கள் ஏன் இப்படி உம்மென்று இருக்கிறார்கள் என்று நினைத்தேன். மாமா அவர்கள் நடுவில் உட்கார்ந்து துணியைக் கைகாட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். அங்கிருந்து அவருக்குத் துணி நனைவது தெரியுமே தவிர, கோடு தெரியாது.

எருமைகள் இறங்கின. எட்டு நாள் பழக்கத்தில் இன்னும் நேரம் இருக்கிறது என்று நிதானமாகத்தான் தவழ்ந்தன. பாதி தூரம் போவதற்குள் துணி நனைந்தது. மாமா சீழ்க்கை அடித்தார். நான் உடம்பு முழுவதையும் கொடுத்துக் கட்டையைத் தள்ளினேன்.

கட்டையின் முனை அந்தப் பெண்ணின் முழங்கையில் இடித்தது. கூடை சரிந்து அவள்மேல் கிளிஞ்சல் கொட்டியது. நான் நிற்கவில்லை. பாதிக் கூடையோடு ஓடையின் கடைசிவரை போய்த் தொட்டுவிட்டு, கையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. தண்ணீரில் கலந்த ரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளை அவளுடைய அப்பாதான் தூக்கி நிறுத்தினார்.

"பாத்துகினியா? கயித்த அவுத்தா நாளைக்கு மாட்டுக்கும் இதான் கெதி" என்றார் தன் ஆட்களிடம்.

மாமா மூங்கிலருகே ஓடினார். துணியைத் தொட்டார், மேலே நாலு விரல் தள்ளி வெறுமனே இருந்த கரிக்கோட்டைத் தொட்டார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான்.

"தப்பு என்னுதுண்ணா. நான்தான் துணிய எறக்கிக் கட்டிட்டேன்" என்றார் அவர்களிடம்.

"உன் கை தப்பு பண்ணா எங்க மாட்டு உசுருதானே போவுது? வேணாம்பா. கயிறு இருக்கட்டும்" என்றார் அவளுடைய அப்பா.

அவர்கள் எழுந்து போனார்கள். அவள் மட்டும் திரும்பி, முழங்கையைப் பிடித்துக்கொண்டே, "டேய், ஊமைப் படகுகூட ஓடுதுடா!" என்று கத்தினாள். அதில் கோபமே இல்லை. நான் வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டேன். சந்தோஷ வெட்கம்தான்.

மாமா மடியிலிருந்து கமர்கட்டை எடுத்து மொத்தமாக என் கையில் கொடுத்தார். "நீதாண்டா போய்ச் சேந்த. தின்னு" என்றார். நான் யாருக்கும் கொடுக்காமல் தின்றேன்.

அந்த ஆட்டம் சரியாக நடந்திருந்தால் கயிற்றை அவிழ்த்துவிட்டு, கால்வாயிலும் அதேபோல ஒரு மூங்கிலை நடுவதென்று இரு கரையிலும் பேசி வைத்திருந்தார்கள். இதை அம்மா எனக்குச் சொன்னபோது எனக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. துணியை இறக்கியது யார் என்று மாமா அவளிடமும் சொல்லியிருக்கவில்லை. நானும் சொல்லவில்லை. மாமா ஏன் தோற்றவர்களை மட்டும் கேட்டு, அரை விரலும் ஒரு விரலுமாக மாற்றிக்கொண்டிருந்தார் என்பது, போன மாதம் மகள் பேசும்போதுதான் புரிந்தது.

கயிறு அவிழவில்லை. அந்த ஆட்டம் முடிந்த இரண்டாம் வாரம் அப்பா படகைக் காளவாய்க்காரரிடமே விட்டுவிட்டார். பம்மல் பக்கம் ஒரு கல்குவாரியில் வேலை கிடைத்தது. பொழிச்சலூரில் ஒரு கூரை வீடு. என்னை ஆறாம் வகுப்பில் சேர்க்கவில்லை, அப்பாவோடு ஜல்லி அள்ளப் போனேன்.

ஊரை விட்டுக் கிளம்பிய காலையில் மாமா சாலைவரை மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். தாம்பரம் பஸ் வந்து நின்றது. அம்மா அழுதுகொண்டே ஏறினாள். அப்பா கால்வாய் இருந்த பக்கம் திரும்பாமல் ஏறினார். நான் படியில் நின்றுகொண்டு, என் வாழ்க்கையிலேயே நீளமான பேச்சாக, மாமாவிடம் கேட்டேன்:

"மாமா, நாங்க சாயங்காலம் வந்துடுவோம் இல்ல? இன்னைக்கு யாரு முதல்ல, படகா எருமையா?"

மாமா பஸ்ஸைத் தட்டி, போகச் சொன்னார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. ஜெயித்தவனிடம் அவர் எதையும் சொல்வதில்லை என்று நினைத்துக்கொண்டே தாம்பரம் வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.