பன்றிப்பண்ணைத் தண்ணீரில் வளர்ந்தவை

தொண்ணூறுகளின் நடுவில், ரெக்ஸ்டேலில் இருந்து இரண்டு பஸ் மாறி, மிசிசாகாவில் இருந்த ஓர் ஆய்வுகூடத்துக்கு வேலைக்குப் போய்வந்தேன். யாழ்ப்பாணத்தில் விலங்கியல் படிப்பித்தவள் நான். புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டில் தொட்டி கழுவும் வேலைதான் முதலில் கிடைத்தது. பிறகு தொட்டிக்குள் இருந்தவற்றைப் பார்க்கும் பொறுப்பையும் தந்தார்கள்.

பன்றிப்பண்ணைக் கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டு ட்ரம்களில் வரும். அதில் கடுகை விடச் சிறிய நீர்த்தெள்ளுகளை வளர்த்தோம். நீரில் மிச்சமிருக்கும் பாசியை அவை தின்னும். மீன்குஞ்சுகள் அவற்றைத் தின்னும். சென்னையில் இருந்து வந்த ஓர் ஆராய்ச்சி மாணவரின் பட்டத்துக்கான வேலை அது. உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால் கண்ணாடி போன்ற உடம்புக்குள் இதயம் துடிப்பது தெரியும்.

புது ட்ரம் வந்தால் முதலில் அமோனியாவைச் சோதிக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் நீர்த்தெள்ளுகள் செத்துவிடும்; நல்ல தண்ணீர் கலக்காமல் ஊற்றக்கூடாது.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில், சண்டை நெருங்கியதால் யாழ்ப்பாணத்துச் சனம் முழுக்க ஊரை விட்டு வெளிக்கிட்டது. அப்பாவும் அம்மாவும் எங்கே என்று தெரியவில்லை. ஒரு வியாழக்கிழமை, வந்த ட்ரம்மைச் சோதிக்காமலே எட்டுத் தொட்டிகளுக்கும் ஊற்றிவிட்டேன். ஊற்றியதுகூடச் சரியாக நினைவில்லை.

மறுநாள் காலை தொட்டிகளில் ஒன்றுமே அசையவில்லை. அடியில் வெளிறிய படிவு மட்டும் கிடந்தது.

"பண்ணையில ஏதோ தப்பா அனுப்பிட்டாங்க போல," என்றார் அந்த ஆராய்ச்சி மாணவர்.

அப்படியே விட்டிருக்கலாம்.

"இல்லை, பிழை என்ர. நான் ரெஸ்ற் பண்ணேல்ல."

"அஞ்சு மாச வேலை, அக்கா," என்றார். கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, "வீட்டுல ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார். சொன்னேன்.

"நீங்க சொல்லவே இல்லையே!"

"சொல்லி என்ன செய்யிறது?"

மத்தியானம், ஆராய்ச்சியை மேற்பார்த்த பேராசிரியரிடம் அவர் ஆங்கிலத்தில், நாங்கள் சோதிக்கத் தவறிவிட்டோம் என்றார். அந்த 'நாங்கள்' காதில் விழுந்தபோது என்னால் நிமிர முடியவில்லை.

வேறொரு ஆய்வுகூடத்தில் இருந்து நீர்த்தெள்ளுகள் வாங்கி, முதலில் இருந்து தொடங்கினோம். மார்கழியில் கொழும்பில் இருந்து மாமா ரெலிபோன் எடுத்தார்.

"அம்மா கிளிநொச்சியில இருக்கிறா, பிள்ளை. அப்பா சாவகச்சேரியைத் தாண்டேல்ல, வழியிலயே காலமாயிட்டார்."

அடுத்த திங்கள் வேலைக்குப் போனேன். மாணவர் எனக்கு முன்பே வந்து, ட்ரம்மைச் சோதித்து முடித்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் விளங்கிக்கொண்டார்.

"இன்னிக்கு நான் பாத்துக்கறேன். நீங்க வீட்டுக்குப் போங்க, அக்கா."

"வீட்டில ஆரும் இல்லை. இங்கையே நிக்கிறன்."

பின்னேரம் வரை எதிரெதிரே இருந்து, ஒவ்வொரு தொட்டியிலும் எடுத்த துளிகளில் நீர்த்தெள்ளுகளை எண்ணினோம். எனக்கு இரண்டு தடவை எண்ணிக்கை பிசகியது. அவர் அந்தச் சின்னக் கண்ணாடித் தட்டை என்னிடம் இருந்து வாங்கி, திரும்ப எண்ணினார்.

அவருடைய பட்டம் ஒரு வருடம் பிந்தியது. அதைப் பற்றி என்னிடம் ஒருநாளும் அவர் கதைத்ததில்லை.